நான்காவது ஆண்டு யாருக்கு?

பொருளாதாரத்தில் ஆனர்ஸ் பட்டம் வேண்டுமா? நான்கு ஆண்டு படி என்கிறது பல்கலைக் கழக மானியக் குழு. அது 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தின்படி மூன்று ஆண்டு படித்து 120 கிரெடிட் பெற்றவருக்குச் சாதாரணப் பட்டம். நான்கு ஆண்டு படித்து 160 பெற்றவருக்கு ஆனர்ஸ். அதிலும் ஒரு மேல்தட்டு உண்டு. முதல் ஆறு பருவங்களில் 75 சதவிகிதம் வாங்கியவர் மட்டுமே கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுதி, 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்' என்று போட்டுக் கொள்ளலாம்.

முதலாண்டோடு நின்றால் சர்டிபிகேட். இரண்டாம் ஆண்டோடு நின்றால் டிப்ளமா. இதற்கு மாணவரின் சுதந்திரம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை படிப்பைப் பாதியில் விடுவது நேற்று வரை சமுதாயத்துக்கு வெட்கக்கேடாக இருந்தது. இன்று அதற்கும் ஒரு சான்றிதழ்!

டில்லிப் பல்கலைக் கழகம் 2013-ம் ஆண்டில் நான்காண்டுப் படிப்பைத் திணித்தது. மாணவரும் ஆசிரியரும் எதிர்த்துப் போராடினார்கள். 2014 ஜூனில் அது வாபஸாயிற்று. 2022-ல் மீண்டும் வந்தது. அந்த ஆண்டில் சேர்ந்தவர்கள்தான் 2025 ஆகஸ்டில் நான்காம் ஆண்டுக்குள் நுழைந்த முதல் அணி. கேரளத்திலும் இடது ஜனநாயக முன்னணி சர்க்காரே 2024-ல் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. ஆகவே நான்கு என்ற எண்ணைக் கண்டதும் கொடி பிடிப்பது போதாது. அந்த ஆண்டு எதற்கு, யாருக்கு என்று கேட்க வேண்டும்.

ஓராண்டு முழுவதும் ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டு தானே விசாரித்து எழுதுவது பொருளாதார மாணவனுக்கு மிக நல்ல பயிற்சி. சென்னை மாகாணத்துக்கு ஆனர்ஸ் புதிதல்ல. இண்டர்மீடியட்டுக்குப் பின் சாதாரண பி.ஏ. இரண்டாண்டு, ஆனர்ஸ் மூன்றாண்டு என்றிருந்த காலம் உண்டு. அந்தச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு 1915-ல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்துவிட்டு வந்தவர். கம்யூனிஸ்டல்ல, பிரிட்டிஷ் ஆட்சியின் விரோதியுமல்ல. ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களின் கையில் கேள்வித் தாளைக் கொடுத்து, கிராமத்தை விசாரித்து வரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு? இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களின் நிலை 1918-ல் புத்தகமாக வந்தது. 1930-களின் பிற்பகுதியில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். இருவேல்பட்டுக்கு அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள்.

அன்று கேள்வித் தாளோடு போனவர்களில் கூலி விவசாயி வீட்டுப் பையன் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? கல்லூரி வாசலை அவன் பார்த்ததே இல்லை. படியாளின் கடனைப் பற்றி வேறு யாரோதான் எழுதினார்கள். இன்று அந்தப் படியாளின் கொள்ளுப்பேத்தி தானே எழுத வரக்கூடிய காலம். அவள் மூன்றாண்டை முடித்து வாசலில் நிற்கும் போதுதான் இன்னும் ஓராண்டுச் சம்பளம், ஹாஸ்டல் செலவு, 75 சதவிகிதம் என்ற மூன்று தாழ்ப்பாள் போடுகிறார்கள்.

எம்.ஏ. ஓராண்டாகக் குறைகிறதே, மொத்தம் அதே ஐந்தாண்டுதானே என்பார்கள். ஐந்தாண்டு படிக்க வசதி உள்ளவருக்குக் கணக்கு சரி. தாய் நடவுக்குப் போய்ப் படிக்க வைக்கும் பெண்ணுக்கு மூன்றாம் ஆண்டின் முடிவில் வேலை வேண்டும். நான்காண்டுக்காரரும் மூன்றாண்டுக்காரரும் ஒரே வேலைக்கு வந்து நின்றால் முதலாளி யாரை எடுப்பார்? இன்னொன்று: நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவிகிதம் இருந்தால் எம்.ஏ. இல்லாமலே நேராக டாக்டர் பட்ட ஆய்வில் சேரலாம் என்கிறது 2022 விதி. தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட மாணவருக்கு 5 சதவிகிதம் சலுகை. நாளை குறைந்தபட்சக் கூலி பற்றி சர்க்காருக்கு யோசனை சொல்லப் போகும் நிபுணர்கள் இந்த வழியாகவும் வருவார்கள். கூலி வாங்கிய வீட்டிலிருந்து அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆய்வுக்குப் புள்ளிவிவரம் வேண்டும். 2017-18 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவை வெளியிடுவதில்லை என்று 2019-ல் மத்திய சர்க்கார் தீர்மானித்தது. 2021-ல் நடக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. ஏட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஆராய்ச்சி செய் என்றால் மாணவன் எதை ஆராய்வான்? பலகையில் இரண்டு வளைகோடு போட்டு, அவை வெட்டும் இடத்தில் கூலி நியாயமாக நிர்ணயமாகிறது என்று எழுதிக் கொடுக்கலாம். மதிப்பெண் கிடைக்கும். கணிதம் வேண்டாம் என்பதல்ல, கணக்கு அவசியம். களத்துமேட்டில் எடுத்த கணக்காக அது இருக்கட்டும்.

நான்காம் ஆண்டுக்குச் சம்பளம் கூடாது. சம்பாதிக்கப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் பணத்துக்கு ஈடாக உதவித் தொகை தர வேண்டும். ஆய்வுக்கு 75 சதவிகிதம் என்ற தடை போக வேண்டும். வழிகாட்ட நிரந்தர ஆசிரியரை நியமிக்க வேண்டும். தற்காலிக ஆசிரியரின் தலையில் கட்டுவது கூடாது. ஆய்வேட்டைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளை மாணவர் சங்கம் மட்டும் எழுப்பினால் போதாது. விவசாயத் தொழிலாளர் சங்கமும் தன் மாநாட்டுத் தீர்மானங்களில் இவற்றைச் சேர்க்க வேண்டும்.