கேரியர் மாடு குற்றவாளியா?

மக்களே, காமர்ஸ் படிக்கிறவனுக்கு மாட்டுப் பண்ணையில என்ன வேலைன்னு கேக்காதீங்க. சொத்து, நஷ்டம், ரைட்-ஆஃப் எல்லாம் வர்ற இடத்துல எனக்கும் வேலை உண்டு :-)

இறைச்சி மாட்டு மந்தையை மேம்படுத்த மரபணுப் பரிசோதனை வந்தாச்சு. ரொம்ப நல்லது. ஆனா ரிசல்ட்டுல 'கேரியர்'னு வந்த மாட்டையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு கசாப்புக்கு அனுப்புறது அறிவியல் இல்லை, வெறும் பயம். இதுதான் என் கட்சி.

கதை அமெரிக்காவில் நடந்தது. அங்கே இறைச்சி மாட்டில் முன்னணியில் நிற்பது கறுப்பு ஆங்கஸ் இனம். அதில் சில கன்றுகள் முதுகெலும்பு வளைந்து, கால் விறைத்து, சதைப்பிடிப்பே இல்லாமல் செத்துப் பிறந்தன. 'சுருள் கன்று' நோய் என்று பேர். 2008-ல் விஷயம் வெடித்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜானதன் பீவர் அந்த வருஷமே இதற்கு மரபணுப் பரிசோதனை கொண்டுவந்தார். வம்சாவளியைத் தோண்டினால் ஜி.ஏ.ஆர். பிரிசிஷன் 1680 என்ற பொலிகாளையில் போய் நின்றது. சதைக்குள் கொழுப்பு இழையிழையாக ஓடும் தரத்துக்குப் பேர்போன காளை. அதனால்தான் அதன் உறைவிந்து பண்ணை பண்ணையாகப் போனது. நல்லதும் கெட்டதும் ஒரே குச்சியில்!

இப்போ கணக்குக்கு வருவோம். அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் குறை வந்தால்தான் நோய். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அது கேரியர். அந்த மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. நன்றாக மேயும், கன்று போடும், கறியிலும் பழுதில்லை. கேரியரையும் கேரியரையும் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு கன்று போச்சு. கேரியர் பசுவுக்குக் குறையில்லாத காளையைச் சேர்த்தால்? இந்த நோயால் ஒரு கன்றுகூடச் சாகாது. சராசரியாகப் பாதிக் கன்றுகள் குறையே இல்லாமல் பிறக்கும். பரிசோதித்து அந்தக் கிடேரிகளை மட்டும் இனவிருத்திக்கு வைத்துக்கொண்டால் குறை வெளியே, தரம் உள்ளே. சிம்பிள்!

1950-களில் ஹெர்ஃபோர்டு இனத்தில் குள்ளக் கன்றுகள் பிறந்தபோது மரபணுப் பரிசோதனை கிடையாது. காகிதத்தில் சந்தேகப்பட்ட மூதாதை பேர் இருந்தாலே போதும், அந்த வம்சமே ஒதுக்கப்பட்டது. பாவம், அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. 2008-ல் ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் கையில் இருந்தது. அப்புறமும் நல்ல பசுக்களைத் தள்ளிவிட்டவர்களை என்ன சொல்ல? நம்பிக் காசு கொடுத்து வாங்கிய சின்னப் பண்ணைக்காரருக்கு நேற்று வரை சொத்து, இன்று கறி விலை. நஷ்டத்தை ஏற்படுத்தியது மரபணு பாதி, பீதி பாதி.

"குறைன்னு தெரிஞ்சும் ஏன் வச்சுக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. 2009-ல் அதே ஆங்கஸில் மூளையில் நீர் கோக்கும் நோய்க்கான குறை தெரியவந்தது. 2013-ல் கன்றுகள் கூடுதல் கால்களோடு பிறக்கும் இன்னொரு குறை. ஒவ்வொரு முறையும் கேரியரை எல்லாம் வெட்டினால் மந்தையில் மிஞ்சுவது என்ன? 'சுத்தம்' என்று ரிசல்ட் வந்தால், நாம் தேடிய குறை அதில் இல்லை. அவ்வளவுதான் அர்த்தம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் ஸ்ட்ரிக்ட். பசு பொதுவாக வருஷத்துக்கு ஒரு கன்று. ஊசிக்கு விந்து கொடுக்கும் காளைக்கோ ஆயிரக்கணக்கில். அங்கே கேரியருக்கு இடமே கூடாது. ரிசல்ட்டை மறைத்து மாட்டை விற்பதும், கடனை மறைத்து பேலன்ஸ் ஷீட் போடுவதும் ஒண்ணுதான். விற்பனைப் பட்டியலில் கொட்டை எழுத்தில் போடு, வாங்குறவன் முடிவு பண்ணட்டும்.

பரிசோதனை எதை எதோடு சேர்க்கலாம் என்று சொல்லத்தான் வந்தது. அதைத் தூக்குத் தண்டனைத் தீர்ப்பு ஆக்காதீங்க.

மாற்றுக் கருத்து (மாட்டுக் கருத்தும்தான்!) இருந்தா வாங்க, மோதிப் பார்ப்போம் :-)