பட்ஜெட் பிந்தினாலும் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் பிந்தினால்?

2018 ஒக்டோபரில் தொடங்கிய அரசியல் குழப்பத்தால், அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் உரிய காலத்தில் நிறைவேறவில்லை. அதற்காக அரசாங்க ஊழியரின் சம்பளம் நின்றதா? இல்லை. டிசம்பர் 21ஆம் திகதி பாராளுமன்றம் இடைக்கால கணக்கறிக்கையை நிறைவேற்றி, 2019இன் முதல் நான்கு மாதச் செலவுக்கு வழி செய்தது. ஆசிரியரான எனக்கும் ஜனவரிச் சம்பளம் வந்தது. இது சலுகையல்ல, உழைப்பவருக்கு இருக்கவேண்டிய பாதுகாப்பு.

தோட்டத்தில் அந்தப் பாதுகாப்பு எங்கே? 2015 மார்ச்சில் முடிந்த கூட்டு ஒப்பந்தம் 2016 ஒக்டோபரில்தான் புதுப்பிக்கப்பட்டது. அதுவரை பழைய சம்பளத்துக்கே கொழுந்து பறித்தோம். 18 மாத நிலுவையைக் கேட்டுப் போராடியும் கிடைக்கவில்லை. கடைக்காரர் 18 மாதம் பழைய விலைக்கா அரிசி கொடுத்தார்?

இழுத்தடித்தால் இலாபம் என்றால் கம்பனிகள் ஏன் அவசரப்படப் போகின்றன? ஆகவே தோழர்களே, கூட்டு ஒப்பந்தமோ சம்பள நிர்ணய சபையோ, எதன் வழியாக வந்தாலும் நமது முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: பழையது முடிந்த மறுநாளிலிருந்தே புதிய சம்பளம் கணக்கிடப்பட வேண்டும். பேச்சு முடியும்வரை இடைக்காலக் கொடுப்பனவு தரப்பட வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதுங்கள்.