இரண்டாவது கதிரையின் கடமை

பிரதம மந்திரி வருகின்றார் என்ற செய்தி கிடைத்ததும் நமது ஊர்களிலே மகஜர்கள் தயாராகின்றன. காணி விடுவிப்பு, குளத் திருத்தம், பசளை, வைத்தியசாலைக்கு ஆளணி, பட்டதாரிகளுக்குத் தொழில் என்று கோரிக்கைகள் நீளுகின்றன. எழுதுவோரை நாம் குறைகூறவில்லை. ஆயினும், மகஜரைப் பெறும் கைக்கு எவ்வளவு அதிகாரம் உண்டென்பதை அறிந்து எழுதுதலே அறிவுடைமையாகும்.

1947 ஆம் ஆண்டு யாப்பின் கீழ்ப் பிரதம மந்திரியே அரசாங்கத்தின் தலைவர். பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. 1957 ஜூலை 26 இல் திரு. செல்வநாயகம் அவர்கள் திரு. பண்டாரநாயக்காவுடன் உடன்படிக்கை செய்தபோது, நாட்டின் அதிகாரத்தைக் கையிற் கொண்ட ஒருவருடனேயே செய்தார். அவ்வுடன்படிக்கை 1958 ஏப்பிரலில் கைவிடப்பட்டது. பிரதம மந்திரியிடம் அன்று அதிகாரத்துக்குக் குறைவிருக்கவில்லை. எதிர்ப்பைத் தாங்கி நிற்கும் உறுதிதான் இல்லாதிருந்தது.

1978 ஆம் ஆண்டு நிலைமை மாறிற்று. நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியிடம் சென்றது. பிரதம மந்திரி என்ற பெயர் நிலைத்தது; பொருள் சுருங்கியது. அம்மாற்றத்தின் அளவை ஒருவரது வாழ்விலேயே காணலாம். 1960 இலும் 1970 இலும் பிரதம மந்திரியாகிய திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க நாட்டையே ஆண்டார். 1994 இல் அதே பதவியை ஏற்றபோது, ஜனாதிபதியான தம் மகளுக்கு அடுத்த இடத்திலேயே அமர்ந்தார்.

அப்படியாயின் இப்பதவிக்குக் கடமையே இல்லையா? உண்டு. முதலாவது, பாராளுமன்றத்தின் நம்பிக்கையைத் தாங்கி நிற்றல். இரண்டாவது, ஜனாதிபதி பதவி வெறுமையாகுமிடத்து, பாராளுமன்றம் ஒரு மாதத்துக்குள் இரகசிய வாக்கெடுப்பினால் ஒருவரைத் தெரிவு செய்யும்வரை பதில் ஜனாதிபதியாகக் கடமையாற்றுதல். குளத்தின் வானை மழையில்லாக் காலத்தில் எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பெருவெள்ளத்தன்று கட்டைக் காப்பது அதுவே. 1993 மே 1 இல் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டபோது, பிரதம மந்திரி விஜேதுங்க பொறுப்பேற்றார்; ஒரு வாரத்துள் பாராளுமன்றம் அவரையே தெரிவு செய்தது. 2022 ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தபோது, பிரதம மந்திரி ரணில் விக்கிரமசிங்க பதில் கடமையேற்றார். ஜூலை 20 இல் 134 வாக்குகளால் தெரிவானார். இவ்விரு தடவையும் மக்கள் நேரடியாக வாக்களித்து எவரையும் அப்பதவியில் அமர்த்தவில்லை. ஆதலின், இரண்டாவது கதிரையில் அமர்பவர் யாரென்பது சிறு விடயமன்று.

மூன்றாவது கடமையே நமக்கு மிக முக்கியமானது. மந்திரி சபையிலே தவறான முடிவொன்று வரும்போது, "வேண்டாம்" என்று கூறுதல் அது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, விவசாயி கடனாளியானான், ஆண்டு முடியுமுன்னரே அரசாங்கம் தன் முடிவை மாற்ற நேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய 20 ஆம் திருத்தம், பிரதம மந்திரியை நீக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு மீண்டும் அளித்திருந்தது. ஒரு கடிதத்தினால் வீட்டுக்கு அனுப்பப்படக்கூடிய ஒருவர் மேசையில் கையடித்து மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

மறுத்துப் பேச இடமிருந்தால் என்ன நிகழும் என்பதையும் நாம் கண்டோம். 2018 ஒக்டோபர் 26 இல், 19 ஆம் திருத்தம் நடைமுறையிலிருக்கையில், ஜனாதிபதி சிறிசேன பிரதம மந்திரியை நீக்கி இன்னொருவரை நியமித்தார். பின்னர் பாராளுமன்றத்தையும் கலைத்தார். கலைப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தை நாடியோருள் திரு. சம்பந்தனும் ஒருவர். டிசெம்பர் 13 இல் எழுவர் கொண்ட நீதிபதிகள் குழு, அக்கலைப்பு யாப்புக்கு முரணானதென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீக்கப்பட்டவர் மூன்று நாளில் மீண்டும் பதவியேற்றார். கொழும்பின் கதிரைச் சண்டை நமக்கெதற்கு என்று அன்று கேட்டோர் உளர். ஒரு நாட்டின் யாப்பை மீற ஒருவருக்கு இடங்கொடுத்தால், அந்த யாப்பில் நமக்கென எழுதப்பட்டிருக்கும் சொற்பமும் காற்றிற் பறக்கும் என்பதே நமது விடை.

அச்சொற்பத்தையும் பாருங்கள். 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்தின்படி மாகாண ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வட மாகாண சபைக்கு 2013 இல் முதன்முறையாகத் தேர்தல் நடைபெற்றது. 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. இவற்றில் எதனையும் பிரதம மந்திரி தனித்துத் தீர்த்துவிட முடியாது. ஆனால் பாராளுமன்றத்திலே எழுந்து, திகதி குறிப்பிட்டுப் பதில் கூற அவரால் முடியும். மந்திரி சபையிலே வற்புறுத்தவும் முடியும். அவரிடம் நாம் கேட்கவேண்டியது அதுவே. மேடையில் மலர்மாலையுடன் தரும் வாக்குறுதி காற்றோடு போகும். பாராளுமன்றத்தில் கூறுவது ஹன்சாட்டில் நிற்கும்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதியை 1994 முதல் நாடு கேட்டு வருகின்றது. அது என்றேனும் நிறைவேறினால், அதிகாரம் மீண்டும் பிரதம மந்திரியின் கதிரைக்கே திரும்பும். அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் முழு அதிகாரமும் கொண்ட பிரதம மந்திரியின் கையொப்பம் பட்ட பாட்டை 1958 இல் கண்டவர்கள் நாம். கொழும்பில் ஒரு கதிரையிலிருந்து மறு கதிரைக்கு அதிகாரம் மாறுவதனால் மட்டும் நமது வயலுக்கு நீர் பாயாது. எந்தக் கதிரையில் எவர் இருப்பினும் மீளப் பறிக்கவியலாதவாறு, நமது பங்கு சட்டத்திலே எழுதப்படவேண்டும். மகஜர் எழுதுவோர் அதனை முதலாவது கோரிக்கையாக எழுதுவார்களாக!