பழம்பெருமை பேசுவோருக்கு ஒரு கேள்வி

மேடையேறினால் கடாரங்கொண்ட இராஜேந்திரன் என்று முழங்குகிறோம். அக்கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில், நிலந்திருத்துவோரால் 11-ஆம் எண் பழங்கோயில் இடிபட்ட செய்தி 2013-ல் வெளியானபோது பதறிய பிரசங்கிகளுள், அதற்குமுன் அவ்விடத்தை மிதித்தவர் எத்தனைபேர்?

பழமையைக் காப்பது நாவன்று. இரசாயனம் கற்ற கை. மண்ணுள் கிடந்த செப்புச்சிலையில் உப்பு ஊறியிருந்தால், ஈரக்காற்றுப் பட்டதும் பச்சைத்தூள் பூத்துச் சிலையையே அரிக்கும். புளியிட்டுத் தேய்த்தால் வடிவு தேயுமேயன்றி நோய் தீராது. சென்னை அரசாங்க மியூசியத்தில் இதற்கென 1930-ல் இரசாயனசாலை ஏற்பட்டது. அங்கே எஸ். பரமசிவன் மின்சார முறையால் சிலைகளைக் காத்தார். அவர் பெயரை நம் மேடைகளில் யார் கேட்டது?

ஈஜோக் பகுதித் தோட்டமொன்றில் குமாஸ்தாவாகிய யான் கண்டதைச் சொல்கிறேன். கரையான் அரித்த பழைய செக்ரோல் புத்தகங்களைக் குப்பையோடு கொளுத்தினர். நம் பாட்டன் பாட்டிமாரின் பெயரும் நாட்கூலியும் அவற்றில் இருந்தன. ஒருவரும் வாய்திறக்கவில்லை, யானும் திறக்கவில்லை. அவ்வெட்கமே இதனை எழுதச் செய்தது.

தோழர்களே! கும்பாபிஷேகத்திற்குத் திரட்டும் பொருளில் ஒரு பங்கெடுத்து, ஒரு பிள்ளையையேனும் இத்தொழில் கற்க அனுப்புவோம். அதற்கு மனமில்லையேல், கடாரத்தை மேடைக்கு இழுக்காதேனும் இருப்போம்.