எந்தக் கருவி நல்ல கருவி?

சங்க விழாக்களில் கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவன் ஒருவன் அகப்பட்டுவிட்டால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். பெற்றோர் கேட்பது: "பையன் டேட்டாபேஸ் படிக்கிறானாம், எதில் பழகினால் நல்லது?" கடையோ சிறுதொழிலோ நடத்தும் அன்பர்கள் கேட்பது: "பழைய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம் இன்னும் ஓடுகிறது சார், எதற்கு மாற்றலாம்?" இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். புரோகிராம் எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழை திருத்தி, டேட்டாவையும் திறந்து பார்க்கும் அந்தப் பணியிடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அது. பயிற்சி நிலையங்களில் செய்யப்படும் ஒப்பீடுகள் திரையின் அழகு, பட்டன்களின் எண்ணிக்கை, வேலை கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. என் கட்சி வேறு. அந்தக் கருவி நாளைக்கு இல்லாமல் போனால் நம் டேட்டா என்ன ஆகும் என்று முதலில் கேட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்தே தொடங்குகிறேன். 1990களில் இங்கே தில்லியில், நேரு பிளேஸ் பக்கம் பிழைப்பு நடத்தியவர்களில் அதைத் தொடாதவர்கள் குறைவு. வேன் ராட்லிஃப் என்பவர் அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய புரோகிராம் பிற்பாடு 'டிபேஸ்' ஆயிற்று. அந்த வழியில் வந்ததுதான் ஃபாக்ஸ்ப்ரோ. அதன் பெருமை முழுவதும் கமாண்ட் விண்டோவில் இருந்தது. 'யூஸ்' என்று தட்டி டேபிளின் பெயரைச் சொன்னால் அது திறந்துகொள்ளும். 'ப்ரௌஸ்' என்றால் வரிசை வரிசையாகக் காட்டும். நிபந்தனை ஒன்றைச் சேர்த்து 'லிஸ்ட்' என்றால் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் வந்து நிற்பார்கள். இங்கே சரியாக வந்த வரியை அப்படியே எடுத்துப் புரோகிராமில் போட்டுக்கொள்ளலாம். மொழியும் டேட்டாவும் ஒரே வீட்டில் குடியிருந்தன. மாலை வகுப்பில் மூன்று மாதம் படித்த கணக்கர் ஒருவர் தம் அலுவலகத்துச் சம்பளப் பட்டியலைத் தாமே போட்டுக்கொள்ள முடிந்தது. 1991ல் வந்த 2.0 பதிப்பில் 'ரஷ்மோர்' என்ற தேடும் உத்தியும் சேர்ந்துகொள்ள, சாதாரண இயந்திரத்திலேயே பெரிய பட்டியல்களைச் சட்டென்று சலித்து எடுக்க முடிந்தது. இந்தச் சுதந்திரத்தை அதற்குப் பின் வந்த எந்தக் கருவியும் எளிய மனிதருக்குக் கொடுக்கவில்லை என்பேன்.

குறைகளும் சாமானியமானவை அல்ல. டேபிள் என்பது வெறும் ஒரு கோப்பு. நெட்வொர்க்கில் ஐந்து பேர் அதைத் திறந்து வைத்திருக்கும்போது தில்லிக் கோடையில் மின்சாரம் போனால் இன்டெக்ஸ் கெட்டுப்போகும். 'ரீஇன்டெக்ஸ்' கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகவேண்டியதுதான். அழித்ததாக நாம் நினைக்கும் பதிவு ஓர் அடையாளக் குறியோடு உள்ளேயே கிடக்கும், 'பேக்' கொடுத்தால்தான் போகும். ஒரு டேபிள் 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. கோப்பை நகலெடுக்கத் தெரிந்த எவரும் நிறுவனத்தின் கணக்கு முழுவதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

மைக்ரோசாஃப்ட் 1992ல் ஃபாக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9.0 வந்தது 2004ல். இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று 2007ல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் நம் அன்பர்களின் கடைகளில் அது ஓடுகிறது. ஓடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஃபாக்ஸ்ப்ரோ நின்றுபோனாலும் அதன் டி.பி.எஃப். கோப்பு நின்றுபோகவில்லை. தொடக்கத்தில் 32 பைட் தலைப்பு, பிறகு ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு 32 பைட் விவரம், பிறகு பதிவுகள் என்று அது அமைந்திருக்கிறது. ஒளிவு மறைவு கிடையாது. இன்றும் லிப்ரே ஆஃபீஸில் திறக்கலாம், பைத்தானில் பத்து வரி எழுதிப் படிக்கலாம். திரைகளும் ரிப்போர்ட்டுகளும் போயின, சரக்கு தங்கிவிட்டது.

விஷுவல் பேசிக்கின் கதை இதற்கு நேர்மாறானது. 1991ல் வந்த அது திரை வரைவதை விளையாட்டாக்கியது. பெட்டியை இழுத்துப் போடு, பட்டனை இரண்டு தட்டு தட்டு, உள்ளே எழுது. ஆபத்தும் அந்தப் பட்டனுக்குள்தான். வட்டி கணக்கிடும் விதி, சந்தா காலாவதியாகும் விதி எல்லாம் பட்டனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. 1998ல் வந்த 6.0தான் அந்த வம்சத்தின் கடைசி; அதற்கான ஆதரவு 2008 ஏப்ரலோடு முடிந்தது. 2002ல் வந்த டாட்நெட் பதிப்பு பெயரில்தான் பேசிக். பழையதை அதற்கு மாற்றுவது புதிதாக எழுதுவதற்குச் சமம் என்பதை மாற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். டேட்டாவை எஸ்.க்யூ.எல். சர்வரிலோ ஆரக்கிளிலோ வைத்து, விதிகளையும் அங்கேயே எழுதியிருந்தவர்கள் திரையை மட்டும் மாற்றிக்கொண்டு பிழைத்தார்கள்.

டெல்ஃபியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவது அநியாயம். 1995ல் போர்லண்ட் வெளியிட்டது. ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் அதன் தலைமைச் சிற்பி. பிற்பாடு மைக்ரோசாஃப்ட் போய் சி ஷார்ப் மொழியை உருவாக்கியவரும் அவரே. திரையை வரைந்துகொண்டிருக்கும்போதே டேபிளின் உண்மையான பதிவுகள் அதில் தெரியும். புரோகிராமை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். அழகான கருவி. ஆனால் போர்லண்டிடமிருந்து 2008ல் எம்பர்காடெரோவுக்கும், 2015ல் ஐடெராவுக்கும் கைமாறியது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் ஊர் மாறிப் போய்விட்டால், பராமரிக்க இன்னொரு டெல்ஃபி ஆளைத் தேடுவதுதான் பாடு.

இன்றைய பணியிடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. புரோகிராம் எழுத ஓர் இடம், டேட்டா பார்க்க வேறோர் இடம். எழுத விஷுவல் ஸ்டூடியோ, விஷுவல் ஸ்டூடியோ கோட், எக்லிப்ஸ், இன்டெல்லிஜே. முதல் இரண்டையும் பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது சீர்வரிசையோடு வந்து இறங்குவது. 2015ல் வந்த பின்னது காலி வீடு. வேண்டிய சாமானை நாமே அடுக்கிக்கொள்ள வேண்டும். டேட்டாவைப் பார்க்க மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ, பி.ஜி.அட்மின், டிபீவர் என்று பல உண்டு. பிழை தேடும் வசதியிலும், எழுதியதன் பழைய பதிப்புகளைக் காப்பதிலும் இவை ஃபாக்ஸ்ப்ரோவைவிட எங்கோ உயரத்தில் இருக்கின்றன. மின்வெட்டு வந்தால் இன்டெக்ஸ் கெடும் என்ற பயமும் இல்லை. சர்வர் தன் லாக்கைப் பார்த்துத் தானே எழுந்துகொள்ளும்.

இந்தப் பிரிவினையால் ஒரு நஷ்டமும் உண்டு. இரண்டு இடங்களுக்கும் நடுவே தரகர் ஒருவரை வைத்திருக்கிறார்கள், ஓ.ஆர்.எம். என்று பெயர். நீங்கள் எஸ்.க்யூ.எல். எழுத வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்பார். 500 உறுப்பினர்களின் பட்டியலைச் சந்தா விவரத்தோடு கேளுங்கள். கவனிக்காமல் விட்டால், பட்டியலுக்கு ஒரு கேள்வி, ஒவ்வொருவரின் சந்தாவுக்கும் தனித்தனியாக ஒரு கேள்வி என்று 501 முறை சர்வருக்கு நடந்துவிட்டு வருவார். ஒரே ஜாயினில் முடிகிற வேலை. எழுதிய பிள்ளைக்கு இது தெரியாது, ஏனென்றால் அவன் திரையில் எஸ்.க்யூ.எல். வருவதே இல்லை. 2022 முதல் விற்பனைக்கு வந்த கோபைலட் போன்ற உதவியாளர்கள் இப்போது ஜாயினையும் எழுதித் தருகின்றன. நன்றாகவே தருகின்றன. அது சரியா தவறா என்று சொல்ல ஜாயின் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

புதிய கருவி என்றால் நிலைக்கும் என்பதும் இல்லை. டேட்டா வேலைக்கென்றே மைக்ரோசாஃப்ட் 2018ல் வெளியிட்ட அஷ்யூர் டேட்டா ஸ்டூடியோவுக்கு, 2026 பிப்ரவரி வரைதான் ஆதரவு என்று 2025ல் அறிவித்துவிட்டார்கள். எட்டு வருடம்கூட இல்லை.

இனி நமக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கருவியையும் எந்த டேட்டாபேஸையும் ஏற்றுக்கொள்வதற்கு முன் அதில் 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயரைத் தமிழில் போட்டுப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி, ஆகவே 16 குறிகள். யு.டி.எஃப்.8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 48 பைட். ஆரக்கிளில் 40 என்று அளவு கொடுத்தால், வேறு சொல்லாதவரை அது 40 பைட் என்றே எடுத்துக்கொள்ளும். மீனாட்சிசுந்தரத்துக்கு இடமில்லை என்று பிழை காட்டும். போஸ்ட்கிரெஸ் குறிகளை எண்ணும், ஆகவே தாராளமாக இடம் கொடுக்கும். எஸ்.க்யூ.எல். சர்வர் வழக்கமான அமைப்பில் இருந்தால், மேற்கோளுக்கு முன் 'என்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட மறந்த புரோகிராமிலிருந்து வரும் பெயரைக் கேள்விக்குறிகளாக மாற்றி, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உள்ளே வைத்துக்கொள்ளும். பிழை காட்டும் ஆரக்கிளே மேல்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளை தன் நன்கொடையாளர் பட்டியலைப் புதிய மென்பொருளில் தமிழிலேயே ஏற்றச் சொல்லியது. மாதக்கணக்கில் தட்டச்சு நடந்தது. விழா அழைப்பிதழின் உறைகளில் வரிசையாகக் கேள்விக்குறிகள் அச்சானபோதுதான் விஷயம் தெரிந்தது. கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க வழி கிடையாது. கையால் நிரப்பிய படிவங்களைத் தேடி எடுத்தார்கள், பாதி கிடைத்தது. எழுதிக்கொடுத்தவர்கள் திறமைசாலிகள்தான், கருவியும் முதல்தரமானது. தமிழில் ஒரு பெயரை ஏற்றித் திரும்ப எடுத்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அகரவரிசையும் அப்படியே. பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னால் சேமிக்கப்பட்டதால் செல்லம்மாளும் பெருமாளும் கெஜலட்சுமியும் கொம்பின் கீழ் ஒரே இடத்தில் கூடுவார்கள். யூனிகோடு வந்து அது தீர்ந்தது. ஆனாலும் குறி எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ந வுக்கு அடுத்து ன வந்துவிடும். கமலாவுக்கு முன் கனகா வந்து உட்காருவாள். போஸ்ட்கிரெஸில் 2017ல் வந்த 10ஆம் பதிப்பு முதல் ஐ.சி.யு. வரிசையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் முறைப்படி அடுக்கும். எழுதும் கருவியின் விளம்பரத்தில் இது எதுவும் இருக்காது.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது இது. பிள்ளை முதல் மூன்று மாதம் எஸ்.க்யூ.லைட்டில் பழகட்டும். ரிச்சர்ட் ஹிப் 2000ல் வெளியிட்டது. பணம் வேண்டாம், சர்வர் வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பு. கருப்புத் திரையில் எஸ்.க்யூ.எல். வரிகளைக் கையால் தட்டட்டும். அந்த மொழி ஐ.பி.எம். ஆய்வகத்தில் 1974ல் பிறந்து 1986ல் தரம் பெற்றது. நான் மேலே பெயர் சொன்ன எல்லாக் கருவிகளையும்விட ஆயுள் கெட்டி. அது கைவந்த பிறகு விஷுவல் ஸ்டூடியோ கோடோ வேறெதுவோ, கல்லூரியில் எது வைத்திருக்கிறார்களோ அது.

கடைக்காரர்களுக்குச் சொல்வது வேறு. மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸை ஏளனம் செய்வது என் தொழில்காரர்களிடையே ஒரு நாகரிகம். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மூன்று பேர் உள்ள அலுவலகத்துக்குத் திரையும் ரிப்போர்ட்டும் அதில் போட்டுக்கொள்வது, ஃபாக்ஸ்ப்ரோ தந்த சுதந்திரத்துக்கு இன்று மிக நெருக்கமானது. டேபிள்களை மட்டும் அதற்குள் வைக்காதீர்கள். அதற்கும் அதே 2 ஜிகாபைட் எல்லைதான். போஸ்ட்கிரெஸிலோ எஸ்.க்யூ.எல். சர்வரிலோ வைத்து ஆக்ஸஸிலிருந்து இணைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸஸ் ஒரு நாள் போனாலும் டேபிள்கள் அங்கேயே இருக்கும். புதிதாக யாரிடமாவது எழுதி வாங்குவதானால், டேட்டா முழுவதையும் நாமே சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்கும் வழியை முதல் நாளே செய்துகாட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஃபாக்ஸ்ப்ரோவில் தமிழ்ப் பெயர்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அவசரக் குறிப்பு. டி.பி.எஃப். கோப்பு திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது பழைய எழுத்துருவின் ஒரு பைட் குறிகள். அரசு 1999ல் டாம், டாப் தரங்களைக் கொண்டுவருவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் ஒவ்வொரு கணக்கு. எந்தக் குறி எந்த எழுத்து என்று தெரிந்தால்தான் யூனிகோடுக்கு மாற்ற முடியும். கோப்புகளை நகலெடுக்கும்போது அந்தப் பழைய இயந்திரத்தின் ஃபான்ட்ஸ் டைரக்டரியையும் சேர்த்து எடுங்கள், எழுத்துருவின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய ஆள் வருவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.