திறக்க முடியாத கோப்பு

போன தவணை ஒரு சீனியர் அக்கா தன் ஆய்வுக்குச் சேர்த்த சொற்களைப் பென் ட்ரைவில் போட்டுத் தந்தா. யாழ்ப்பாணக் கரையோர மீனவர்கள் காற்றுக்கும் வலைக்கும் சொல்லும் சொற்கள். "அப்பிடியே எடுத்துப் பாவியும்" எண்டா.

கோப்பு திறக்கவில்லை.

அது பைதன் மொழியின் 'பிக்கிள்' கோப்பு. நிரல் ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் பட்டியலோ அகராதியோ எதுவானாலும், ஒரே கட்டளையில் பைனரி கோப்பாக்கித் தரும். வசதிதான். ஆனால் நாங்களே எழுதின ஒரு கிளாஸின் பொருளைச் சேமித்தால், பிக்கிள் அந்தக் கிளாஸின் பெயரைத்தான் எழுதிவைக்கும், அதன் நிரலை அல்ல. அக்காவின் நிரல் இருந்த மடிகணினி எப்பவோ பழுது.

கணினி விஞ்ஞானம் படிக்கிற நண்பன் ஒருத்தன் அதே பெயரில் வெறும் கிளாஸ் ஒன்றை எழுதித் திறந்து தந்தான். சொற்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'க1', 'க2' எண்டு இரண்டு ஊர்ப்பெயர்கள். ஒன்று சொல்லைக் கேட்ட ஊர், மற்றது சொன்னவரின் சொந்த ஊர். எது எது? அக்காவுக்கே ஞாபகம் இல்லை.

இது சின்ன விசயம் இல்லை. மயிலிட்டிச் சனம் 1990இல் இடம்பெயர்ந்தது. துறைமுகம் விடுபட்டது 2017இல். இடையில் 27 வருசம் வேறு கரைகளில் வாழ்ந்தவர்களின் சொல் எந்தக் கரைக்குரியது எண்டதுதான் ஆய்வின் கேள்வியே. சொன்ன ஐயா ஒருவர் இப்ப உயிரோடு இல்லை. திரும்பிப் போய்க் கேக்க ஏலாது.

அதனால்தான் சொல்கிறேன்: தரவை, மனிசர் வாசிக்கக்கூடிய நிரல் வடிவத்திலேயே சேமியுங்கள். இப்படி:

{'சொல்': 'சோளகம்', 'வகை': 'காற்று', 'கேட்ட ஊர்': 'குருநகர்', 'சொந்த ஊர்': 'மயிலிட்டி'}

இது உதாரணத்துக்கு நான் எழுதின வரி. ஆனால் பைதனுக்கு இது செல்லுபடியான நிரல். கணினி தெரியாத என் அம்மாவுக்கும் விளங்கும். அச்செடுத்து ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே உள்ளவர்கள் பேனையால் திருத்தித் தருவார்கள்.

இது புது யோசனையும் இல்லை. பேர்ல் மொழியில் 'டேட்டா டம்பர்' இதையே செய்கிறது: தரவை பேர்ல் நிரலாகவே எழுதித் தரும். 1993இல் பிரேசிலில் பிறந்த லுவா மொழியின் வேரே தரவை விவரிக்க எழுதின சின்ன மொழிகளில்தான் இருக்கிறது.

தமிழில் எழுதும் எங்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. பைதனில் ஜேசனாகச் சேமித்தால், வழமையான அமைப்பில் தமிழ் எழுத்துகள் காணாமல் போகும். 'சோளகம்' 6 யூனிகோட் குறிகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஒரு பின்சாய்கோடு, ஒரு 'யூ', நாலு குறியீட்டு இலக்கங்கள் எண்டு மாறி, மொத்தம் 36 எழுத்தாகும். கணினி திரும்ப வாசிக்கும், நாங்கள் வாசிக்க ஏலாது. 'என்ஷூர் ஆஸ்கி' எண்ட தெரிவை 'ஃபோல்ஸ்' ஆக்கினால் தமிழ் தமிழாகவே இருக்கும். ஒரு சொல் மாற்றம், அவ்வளவுதான்.

"பிக்கிள் வேகம், எதையும் சேமிக்கும்" எண்டு நண்பன் வாதாடினான். உண்மைதான். பெரிய பெரிய தரவுக்கும், இண்டைக்குச் சேமித்து நாளைக்கு அழிக்கிற கோப்புக்கும் அது சரி. கலைப்பீடத்தில் நாங்கள் சேர்ப்பது சில நூறு வரிகள். அதில் மிச்சம் பிடிக்கிற வினாடியை வைத்து என்ன செய்யப் போறம்? அதோட, ஆரோ தந்த பிக்கிள் கோப்பைத் திறந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் கட்டளையும் ஓடலாம். நிரல் வடிவக் கோப்பிலும் கவனம் வேணும்: 'ஈவல்' போட்டுத் திறக்காமல், தரவை மட்டும் ஏற்கிற 'லிட்டரல் ஈவல்' பாவியுங்கள்.

சேமிக்கிறது எண்டது எனக்காக மட்டும் இல்லை, எனக்குப் பிறகு வாற பட்சுக்காகவும்தான். அடுத்த முறை கோப்பைச் சேமித்த பிறகு, நோட்பேடில் ஒருக்காத் திறந்து பாருங்கோ. உங்களுக்கே வாசிக்க ஏலாட்டி, அது இன்னும் சேமிக்கப்படவில்லை.