ஏழு விநாடி மேளமும் எழுதப்படாத பெயரும்

மின்னியக்க இசையைப் பற்றி வாதிடுவோர் இரு அணிகளாக நிற்கின்றனர். பிறருடைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தம் பாட்டினுள் மறைத்து ஒட்டுவது வெறுங் களவு என்பர் ஒரு சாரார். ஒலி காற்றைப் போன்றது, அதற்கு உடைமையாளர் இல்லை என்பர் மறு சாரார். இரு சாராரும் எழுப்ப மறந்த கேள்வி ஒன்றுண்டு. அத்துண்டினுள் ஒளிந்து கிடக்கும் உழைப்பு யாருடையது?

நன்கறியப்பட்ட ஓர் உதாரணத்தை நோக்குவோம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைச் சேர்ந்த 'வின்ஸ்ரன்ஸ்' என்ற குழு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில், கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டொன்றைத் தழுவிய 'ஆமென், பிறதர்' என்னும் வாத்திய இசை இடம்பெற்றது. அதன் நடுவே ஏனைய வாத்தியங்கள் ஓய்ந்துவிட, கிறெகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் தனித்து மேளம் வாசிக்கின்றார். நான்கு தாளவட்டங்கள், ஏறத்தாழ 7 விநாடிகள். அவ்வளவே.

1986இல், நடனத்துக்கு உகந்த மேளப் பகுதிகள் கொண்ட பாட்டுக்களைத் திரட்டிய தொகுப்பொன்றில் இது மீண்டும் வெளிவந்தது. அதே காலத்தில் 'சாம்பிளர்' என்ற கருவி சாதாரண இளைஞரின் கைக்கு எட்டத் தொடங்கிற்று. ஒலியை எண்களாக்கிச் சேமித்து, வேண்டிய வேகத்தில், வேண்டிய வரிசையில் திருப்பித் தரும் கருவி அது. 1987இல் வந்த 'எஸ்.பி. 1200' சுமார் 10 விநாடி ஒலியையே தன்னுள் கொள்ளும். இத்தகைய கருவிக்குக் குறுகிய மேளப் பகுதிகளே ஏற்ற தீனியாயின. அமெரிக்க 'ஹிப்-ஹொப்' இசைஞர் கோல்மனின் மேளத்தை எடுத்தாண்டனர். 1990களின் முற்பகுதியில் இலண்டன் இளைஞர் அதை விரைவுபடுத்தி, அடியடியாக நறுக்கி, வரிசை மாற்றிக் கோத்து, 'ஜங்கிள்' என்ற புதிய இசை வகையையே அதன்மேல் எழுப்பினர். இன்று ஆயிரக்கணக்கான பாட்டுக்களில் அந்த மேளம் மறைந்து ஒலிக்கின்றது. ஆடுவோர் கால்கள் அதை அறியும். வாசித்தவர் பெயரை அறிந்தோர் வெகு சிலரே.

கோல்மனோ 2006இல், இருக்க வீடின்றி, வறுமையில் இறந்தார். இத்தனை பாட்டுக்களிலிருந்தும் ஒரு சதமேனும் அவர் கைக்கு வரவில்லை. குழுவின் தலைவரும் 2020இல் காலமானவருமான றிச்சேட் ஸ்பென்சர் இச்செய்தியை 1996இல்தான் அறிந்தார். அதற்குள் வழக்குத் தொடுக்கும் காலவரையறை கடந்துவிட்டது. 2015இல் பிரித்தானிய இசை ஆர்வலர் 24,000 பவுண் திரட்டி அவருக்கு வழங்கினர். அவர்களது நல்லெண்ணம் போற்றத்தக்கதே. எனினும் உழைத்தவனுக்கு உரியது உரிமையா, நன்கொடையா?

"சட்டம் இருக்கின்றதே" என்பார்க்கு ஒரு வார்த்தை. மெட்டையும் சொல்லையும் ஆக்கியவரைச் சட்டம் ஆசிரியர் என்கிறது. மேளமடித்தவரை அவ்வாறு எண்ணுவதில்லை. மேலும், 1972 பெப்ரவரி 15க்கு முற்பட்ட ஒலிப்பதிவுகளை அமெரிக்க மத்திய பதிப்புரிமைச் சட்டம் அன்று காக்கவுமில்லை. ஆனால் 2005இல், 2 விநாடிக் கிற்றார் ஒலியொன்றை அனுமதியின்றி எடுத்தாண்டதும் உரிமை மீறலே என அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கிற்றார் வாசித்தவரா? அல்லர், உரிமைகளைக் கையில் வைத்திருந்த நிறுவனங்கள். 2016இல் மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு மாறாகத் தீர்த்ததும் உண்மையே. ஆயின் இரு வழக்குகளிலும் உரிமை பேசியது மூலதனமே. வாசித்த விரல்கள் அல்ல. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்ற பழமொழி இசை உலகுக்கும் பொருந்துகின்றது.

இதனால் அந்த இலண்டன் இளைஞரைக் கள்வர் என நாம் தூற்றவில்லை. அவர்களுள் பலர் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள்; பள்ளியில் சங்கீதம் பயிலும் வசதியற்றோர். வெட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை, புதிதாய் ஒன்றைப் படைத்தனர். கோல்மன் வாசித்த பாட்டும் தேவாலயத்தில் பிறந்ததன்றோ? மக்கள் கலை வாய்க்கு வாய், கைக்குக் கை மாறியே வளர்கின்றது. ஆனால் நாட்டார் பாட்டு அவ்வாறு கைமாறுகையில் எவரும் செல்வந்தராவதில்லை. அதே ஒலி சந்தைச் சரக்காகும் போதோ, இலாபம் ஒரு பக்கமும் உழைப்பு மறு பக்கமும் பிரிந்து போகின்றன. 'ஒலி எல்லோர்க்கும் பொது' என்ற அழகிய வாக்கியம் அங்கே சுரண்டலுக்குத் திரையாகின்றது.

ஆகவே தடை நமது கோரிக்கையன்று. பணம் கருதாத ஆக்கத்துக்கு எவ்வொலியும் திறந்திருக்கட்டும். விற்பனைக்கு வரும் ஒவ்வோர் ஆக்கமும் தன்னுள் மறைந்திருக்கும் கலைஞரின் பெயரை வெளிப்படையாகச் சொல்லட்டும். வரும் பணத்தில் ஒரு பங்கு, உரிமைப் பத்திரம் வைத்திருப்போர்க்கு மட்டுமன்றி, வாசித்தவர்க்கும் பாடியவர்க்கும் சட்டப்படி சேரட்டும். இசை கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் மேதைகளின் பெயர்களோடு கிறெகரி கோல்மன் என்ற பெயரையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.